கைக்கடிகாரத்துக்குள் தண்ணீர் புகாமல் காப்பதும், வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பதும்

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தர வேண்டும் என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கவிதை எனக்கு வராது. நான் உண்மையிலேயே கையால் செய்து பார்த்த ஒரே விஷயம் இதுதான். இரண்டாம் ஆண்டில் படித்த ஹைட்ராலிக்ஸ் பாடத்தின் முதல் அத்தியாயம் இதற்குப் போதும். அந்த அத்தியாயத்தை நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்திருந்தேன். ஒரு வாட்ச் கெட்டுப் போன பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

அது என் அப்பாவின் வாட்ச். சாவி கொடுக்கிற பழைய வாட்ச். கல்யாணத்துக்குத் தாத்தா (அம்மாவின் அப்பா) போட்டது. அப்பா கொத்தனார். சிமெண்ட் வேலைக்குப் போகிறவர் என்பதால் அதை விசேஷத்துக்கு மட்டும்தான் கட்டுவார். எனக்கு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த அன்று, "காலேஜ் போற பிள்ள, டயம் பார்த்துப் போவணும்" என்று சொல்லி என் கையில் கட்டிவிட்டார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் கையாளாக வேலைக்குப் போனேன். வாட்சைக் கழற்ற மறந்துவிட்டேன். சித்திரை வெயிலில் கலவை போட்டுவிட்டு, டிரம் தண்ணீரில் முழங்கை வரை விட்டுக் கழுவினேன். மறுநாள் காலையில் கண்ணாடிக்குள்ளே பனி படர்ந்த மாதிரி இருந்தது. வெயில் ஏறியதும் மறைந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. எட்டாம் நாள் வாட்ச் நின்றுவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர் பின்மூடியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். "பேலன்ஸ் ஸ்பிரிங்ல துரு ஏறிடுச்சு தம்பி. பனி கட்டின அன்னிக்கே கொண்டாந்திருந்தா, காய வெச்சு ஆயில் போட்டிருந்தாலே போதும்" என்றார். மறைத்து வைத்த ஒரு வாரம்தான் வாட்சைக் கெடுத்தது. இதையே முதல் பாடமாக எழுதுகிறேன்: கண்ணாடிக்குள் பனி தெரிந்தால் அன்றே திறக்க வேண்டும். பனி மறைவதால் தண்ணீர் வெளியே போய்விட்டதாக ஆகாது. உள்ளேயே ஆவியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

1. எவ்வளவு தண்ணீர் போதும் வாட்சைக் கெடுக்க?

30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். வாட்சுக்குள் இருக்கும் காலி இடத்தை ஒரு சி.சி. என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்று தாங்கும் நீராவி 0.03 மில்லிகிராம். ஒரு சொட்டுத் தண்ணீரின் எடை சுமார் 50 மில்லிகிராம். அதாவது, ஒரு சொட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலே காற்று நிறைந்து, குளிர்ந்தவுடன் கண்ணாடியில் பனி கட்டும். ஒரு முழுச் சொட்டு போனால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2. தண்ணீர் எந்த வழியாகப் போகிறது?

சாதாரண வாட்சில் மூன்று வாசல்கள்.

(அ) கண்ணாடி கேஸில் உட்காரும் விளிம்பு.
(ஆ) பின்மூடி. அழுத்தி மூடுகிற மூடி, திருகு மூடி, நாலு ஸ்குரு போட்ட மூடி என்று வகைகள் உண்டு. எதுவானாலும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். நம் மெஷின் டிராயிங்கில் வரைகிற அதே ஓ-ரிங் அல்லது கேஸ்கெட்.
(இ) சாவி. சாவித் தண்டு நுழையும் குழாய்க்கும் சாவிக்கும் நடுவில் ஒரு சின்ன வளையம் இருக்கும். தினமும் திருகி, இழுத்து, அழுத்துவதால் சீக்கிரம் தேய்வது இதுதான். ஸ்டாப் வாட்ச் பட்டன் உள்ளவற்றில் ஒவ்வொரு பட்டனும் இன்னொரு வாசல்.

ஓ-ரிங் எப்படி அடைக்கிறது? அதை ஒட்ட வைப்பதில்லை. அதன் பருமனைவிட ஆழம் குறைந்த பள்ளத்தில் வைத்து நசுக்குகிறோம். நசுங்கிய ரப்பர் திரும்பப் பழைய வடிவத்துக்கு வரப் பார்க்கும். அந்த முண்டுதல்தான் அடைப்பு. ரப்பர் வயதாகி இறுகிவிட்டால் நசுங்கிய நிலையிலேயே நின்றுவிடும், திருப்பி முண்டாது. அப்பாவின் வாட்சில் பின்மூடி வளையத்தை எடுத்தபோது பிளாஸ்டிக் வளையல் மாதிரி இரண்டாக ஒடிந்து வந்தது. அது எத்தனை வருடமாகப் பெயருக்கு உள்ளே இருந்ததோ!

3. 'வாட்டர் புரூஃப்' என்று ஒன்று உண்டா?

1926-ல் ரோலெக்ஸ் கம்பெனி 'ஆய்ஸ்டர்' என்ற பெயரில் திருகு மூடியும் திருகு சாவியும் வைத்த கேஸைக் கொண்டு வந்தது. 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்சே என்ற ஆங்கிலேய நீச்சல் வீராங்கனை, இங்கிலீஷ் கால்வாயில் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியபோது அந்த வாட்சைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. அதுவே பெரிய விளம்பரமானது.

நம் நாட்டில் எச்.எம்.டி. நிறுவனம் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியுடன் சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. 1984-ல் டாடா குழுமமும் நம் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியதுதான் டைட்டன். அதன் தொழிற்சாலை நம் ஓசூரில் இருக்கிறது. ஆகவே இந்தத் தொழில் நமக்கு ரொம்பத் தூரத்து விஷயம் இல்லை.

இப்போது வாட்சின் பின்னால் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றுதான் போடுகிறார்கள். தண்ணீரை எதிர்த்து நிற்கும் என்று அர்த்தம். என்றைக்கும் புகவே புகாது என்று யாரும் உறுதி சொல்வதில்லை. சாதாரண வாட்சுகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 22810 (2010-ல் வந்தது). கடலில் மூழ்கி வேலை செய்பவர்களின் வாட்சுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்று தனித் தரம் உண்டு. அதில் குறைந்தபட்சம் 100 மீட்டர் ஆழம், சோதனையில் அதற்கும் மேல் 25 சதவீதம் கூடுதல் அழுத்தம்.

4. கொஞ்சம் கணக்கு

அழுத்தம் = அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்.

10 மீட்டர் தண்ணீருக்கு: 1000 × 9.81 × 10 = 98,100 பாஸ்கல். ஒரு பார் என்பது 1,00,000 பாஸ்கல். ஆகவே 10 மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார். '3 பார்' என்று போட்டிருந்தால் 30 மீட்டர் தண்ணீருக்குச் சமமான அழுத்தம்.

"30 மீட்டர் போட்ட வாட்சைக் கட்டிக்கிட்டுக் கையை வீசி நீந்தினாலே 30 மீட்டருக்கு மேல அழுத்தம் வந்துடும்" என்று பலர் சொல்வார்கள். நானும் நம்பினேன். பெர்னோலி சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தண்ணீரை வெட்டுகிறது என்று கொள்வோம். அரை × 1000 × 5 × 5 = 12,500 பாஸ்கல். அதாவது 0.125 பார். ஒன்றேகால் மீட்டர் தண்ணீர்தான்!

அப்படியானால் வாட்ச் ஏன் கெடுகிறது? முதல் காரணம், முன்பே சொன்ன வயதான ரப்பர். இரண்டாவது, தண்ணீருக்குள் சாவியைத் தொடுவது. மூன்றாவதுதான் என் வாட்சுக்கு நடந்தது: வெப்பநிலை மாற்றம்.

வெயிலில் வாட்ச் 45 டிகிரிக்குச் சூடாகிறது. பழைய ரப்பர் வழியாக உள்காற்று கொஞ்சம் வெளியேறி, உள்ளும் புறமும் சமமாகிறது. பிறகு 27 டிகிரி டிரம் தண்ணீரில் முக்குகிறோம். கெல்வினில் 318-லிருந்து 300. உள்ளே அழுத்தம் 5.7 சதவீதம் குறைகிறது. இது 0.057 பார். அரை மீட்டருக்கும் கூடுதலான தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக, வாட்ச் தானே தண்ணீரை உறிஞ்சுகிறது. உள்ளே ஒன்றரை சி.சி. காற்று இருந்தால் 0.08 சி.சி. தண்ணீர் வரை இழுக்கலாம். ஒன்றரைச் சொட்டு! நான் கையை முக்கியது முழங்கை வரைதான். ஆழம் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது நண்பர்களே. வாட்சும் நம்மைப் போல மூச்சு விடுகிறது.

5. முதல் சோதனை: ஒரு சொட்டுத் தண்ணீர்

இதற்கு வாட்சைத் திறக்க வேண்டாம். வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்க வேண்டும். நேராக அடுப்பில் வைக்காதீர்கள். வெந்நீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் மேல் தட்டு வைத்து, அதன் மேல் வாட்சை வைத்தால் போதும். ஒரு தெர்மாமீட்டரைத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் கழித்துக் கண்ணாடி மேல் ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் பனி கட்டியிருந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மேலே சொன்ன ஐ.எஸ்.ஓ. தரத்திலேயே இந்தச் சோதனை இருக்கிறது.

கவனிக்க: ஈரம் உள்ளே இருக்கிறதா என்று மட்டுமே இது காட்டும். இனிமேல் புகுமா என்று சொல்லாது.

6. வளையம் மாற்றுதல்

மெஷினை வெளியே எடுப்பதை நான் அந்தப் பெரியவரிடமே விட்டுவிட்டேன். அவர் பேலன்ஸ் மாற்றி, கழுவி, ஆயில் போட்டு, ஒரு சின்ன டப்பாவில் மெஷினை வைத்துக்கொண்டு, காலி கேஸை மட்டும் என்னிடம் கொடுத்தார். கூலிக்கு நான் நாலு ஞாயிறு கையாள் வேலை பார்த்தேன். நீங்களும் மெஷினோடு தண்ணீர்ச் சோதனை செய்யவே கூடாது. சோதனை எல்லாம் காலி கேஸுக்குத்தான்.

இன்னொரு எச்சரிக்கை. மிகப் பழைய காலத்து, இருட்டில் ஒளிரும் முள் வைத்த வாட்சுகளில் ரேடியம் கலந்த பெயிண்ட் இருக்கலாம். அவற்றை வீட்டில் திறக்காதீர்கள்.

வளையம் வாங்குமுன் இரண்டு அளவு எடுக்க வேண்டும். பள்ளத்தின் விட்டம், பள்ளத்தின் ஆழம். நம் மெட்ராலஜி லேபில் வெர்னியரை வைத்து எடுத்தேன். பள்ளத்தின் ஆழம் 0.65 மி.மீ. கடையில் 0.8 மி.மீ. பருமனுள்ள நைட்ரைல் ரப்பர் வளையம் கிடைத்தது. நசுங்கல்: 0.8-லிருந்து 0.65 போனால் 0.15. அதை 0.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 சதவீதம். 15-க்கும் 25-க்கும் நடுவில் இருப்பதால் சரி. ரொம்பக் குறைவாக நசுங்கினால் அடைக்காது. ரொம்ப நசுங்கினால் ரப்பர் சீக்கிரம் செத்துவிடும்.

பள்ளத்தில் இருந்த பழைய அழுக்கைப் பல் குத்தும் மூங்கில் குச்சியால் சுரண்டினேன். ஊசியால் சுரண்டினால் கோடு விழும். அந்தக் கோடே தண்ணீருக்குப் பாதையாகிவிடும்.

வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். விரலில் தொட்டு வளையத்தை உருவினால் ஒரு மினுமினுப்பு வரும், அது போதும். மூடியைத் திருகும்போது வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரத்தான் கிரீஸ். ஓட்டையை அடைப்பது அதன் வேலை இல்லை. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று என் நண்பன் கேட்டான். வேண்டாம். சில வகை ரப்பர் எண்ணெயில் ஊதிப்போகும், நாளாக நாளாக எண்ணெய் பிசுபிசுத்து உள்ளேயும் பரவும். இன்னும் சிலர் கண்ணாடி ஓரத்தில் ஃபெவிக்விக் விடுவார்கள். அதன் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும். பிறகு மணி பார்க்க முடியாது.

திருகு மூடியை இறுக்கத் தனிச் சாவி உண்டு. இல்லையென்றால், நன்றாகப் பிடிக்கிற ரப்பர் பந்தை அழுத்தித் திருகினால் ஓரளவு இறுகும். ஸ்குரு டிரைவரை வைத்துத் தட்ட வேண்டாம்.

7. இரண்டாம் சோதனை: வெதுவெதுப்பான நீர்

காலி கேஸில் சாவியைத் தண்டோடு திரும்பச் செருகி, மூடியை இறுக்கி, 45 டிகிரி தண்ணீரில் முக்க வேண்டும். அறை வெப்பம் 30 டிகிரி என்றால், கெல்வினில் 303-லிருந்து 318. உள்ளே அழுத்தம் 5 சதவீதம் கூடும். 0.05 பார். இப்போது உள்ளே இருப்பது வெளியே வரப் பார்க்கும். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து குமிழி வரும். சைக்கிள் டியூப் பஞ்சரைத் தொட்டித் தண்ணீரில் பார்ப்பது போலத்தான்.

மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் காற்றும் குமிழியாகத் தெரியும். கேஸைத் தண்ணீருக்குள்ளேயே விரலால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். ஒரே இடத்திலிருந்து வரிசையாக வந்தால்தான் ஓட்டை. இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டு, தண்ணீர் ஆறும் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். ஆறவிட்டால் உறிஞ்சிக்கொள்ளும்.

என் கேஸில் பின்மூடிப் பக்கம் ஒன்றும் இல்லை. சாவிப் பக்கம் குண்டூசி முனை அளவு குமிழிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. பெரியவரிடம் போய் வளையத்தோடு கூடிய புதுச் சாவி போட்டுக்கொண்டேன். மறுபடி முக்கினேன். குமிழி இல்லை.

கடைகளில் இதே தத்துவத்தில் ஒரு மெஷின் வைத்திருப்பார்கள். கண்ணாடிக் குடுவையில் பாதி தண்ணீர், மேலே காற்று. வாட்சைக் காற்றில் தொங்கவிட்டு அழுத்தம் ஏற்றி, சில நிமிடம் வைத்து, பிறகு தண்ணீரில் இறக்கி, அழுத்தத்தை மெதுவாக விடுவார்கள். ஓட்டை வழியே முன்பு உள்ளே போன காற்று இப்போது குமிழியாக வெளியே வரும். தண்ணீரே இல்லாத இன்னொரு வகையும் உண்டு. காற்றழுத்தத்தில் கேஸ் மைக்ரான் கணக்கில் நெளியும். ஓட்டை இருந்தால் அந்த நெளிவு நிலைக்காமல் பழைய அளவுக்குத் திரும்பும். அதை உணர்த்தும் கருவி உள்ளே இருக்கும்.

8. மூன்றாம் சோதனை: அப்பாவின் டியூப் லெவல்

0.05 பார் போதாது என்று தோன்றியது. சைக்கிள் பம்ப் வைத்து ஒரு பைப்பில் காற்று ஏற்றலாமா என்று யோசித்தேன். நம் லேப் ஆசிரியரிடம் கேட்டதற்கு, "காற்றை அமுக்கினா அது ஸ்பிரிங் மாதிரி சக்தியைச் சேர்த்து வெச்சுக்கும். பி.வி.சி. வெடிச்சா கண்ணாடிச் சில்லு மாதிரி பறக்கும். தண்ணீர்ல செய்" என்று தடுத்துவிட்டார். தண்ணீர் ஏறக்குறைய அமுங்காது. உடைந்தாலும் ஒழுகும், அவ்வளவுதான். பாய்லருக்கு ஏன் தண்ணீரில் சோதனை செய்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

தண்ணீர் அழுத்தத்துக்கு உயரம் மட்டும் இருந்தால் போதும், அகலம் தேவையில்லை என்பது பாஸ்கல் பாடம். உயரமான இடமும், நீளமான மெல்லிய டியூபும் யாரிடம் இருக்கிறது? அப்பாவிடம்! மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல். ஆனால் அதைக் கேட்க வேண்டுமானால் வாட்ச் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாலு வாரமா கூலியை எங்க கொண்டு போறேன்னு உங்கம்மா கேட்டுக்கிட்டிருந்தா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, அவர் வேலை செய்யும் மூன்று மாடிக் கட்டடத்துக்கு டியூபைத் தோளில் சுற்றிக்கொண்டு என்னையும் அழைத்துப் போனார்.

செய்முறை:

(1) 63 மி.மீ. பி.வி.சி. பைப், 6 கேஜி ரகம், 20 செ.மீ. துண்டு. ஒரு முனையில் எண்ட் கேப்பை சொல்யூஷன் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். மறுமுனையில் மரை உள்ள மூடி. அந்த மூடியில் துளை போட்டு, டெஃப்லான் டேப் சுற்றிய ஹோஸ் நிப்பிள்.

(2) கேஸ் வைக்காமல் முதலில் இந்தப் பாத்திரத்தை மட்டும் அரை மணி நேரம் சோதித்து, மூட்டுகள் ஒழுகவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

(3) டயல் அளவுக்கு மை ஒற்றும் தாளை வட்டமாக வெட்டி, 12, 3, 6, 9 இடங்களில் இங்க் பேனாவால் புள்ளி வைத்து, கண்ணாடிக்குக் கீழே வைத்து மூட வேண்டும். ஈரம் பட்டால் புள்ளி பரவும். எந்தப் புள்ளி முதலில் பரவுகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டை. கண்ணாடி வழியாகவே பார்க்கலாம்.

(4) கேஸைப் பாத்திரத்தில் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மூட வேண்டும்.

(5) டியூபில் தண்ணீர் நிரப்புவது. இங்கேதான் நான் தப்பு செய்தேன். மேலேயிருந்து புனலில் ஊற்றினேன். டியூப் நெடுக அங்கங்கே காற்று நின்றுவிட்டது. அப்பா பார்த்துவிட்டு, "குமிழி இருந்தா மட்டம் பொய் சொல்லும்டா" என்றார். மாடியில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்து, ஒரு முனையை அதில் விட்டு, கீழ் முனையில் வாய் வைத்து உறிஞ்சி ஓடவிட்டார். குமிழியெல்லாம் வெளியேறும் வரை ஓடவிட்டு, விரலால் அடைத்து, நிப்பிளில் செருகிக் கிளிப் போட்டார். யோசித்துப் பார்த்தால், நட்டுக்குத்தாக நிற்கும் டியூபில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் காற்று இருந்தால் அழுத்தக் கணக்கில் ஒரு மீட்டர் போய்விடும். அப்பா ஐந்தாவது வரைதான் படித்தவர். புத்தகத்தில் உள்ள அதே விஷயம் அவருக்கு விரலில் இருக்கிறது.

(6) டியூபைச் சாரத்தில் அங்கங்கே கட்டினோம். கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். டேப் வைத்து அளந்ததில் உயரம் 9.2 மீட்டர். அழுத்தம்: 1000 × 9.81 × 9.2 = 90,252 பாஸ்கல். கிட்டத்தட்ட 0.9 பார். 30 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடியின் மேல் இது ஆறரை கிலோ எடை ஏற்றி வைத்தது போல. 8 மி.மீ. உள்விட்டமுள்ள அந்த டியூபில் இருந்த தண்ணீரோ அரை லிட்டருக்கும் குறைவு!

(7) மேலே தண்ணீர் மட்டத்தில் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். டியூபின் குறுக்குப் பரப்பு அரை சதுர செ.மீ. ஆகவே மட்டம் ஒரு மி.மீ. இறங்கினால் 0.05 சி.சி. அதாவது ஒரு சொட்டு எங்கோ போயிருக்கிறது. முதல் பத்து நிமிடம் டியூப் விரிவதால் கொஞ்சம் இறங்கும். அதன் பிறகு அடையாளம் வையுங்கள்.

(8) ஒரு மணி நேரம் கழித்து, டியூபின் மேல்முனையை மெதுவாகக் கீழே கொண்டு வந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, பிறகு பாத்திரத்தைத் திறக்க வேண்டும்.

முதல் தடவை தோல்வி. 6 மணிப் புள்ளி பூவாய் விரிந்திருந்தது. திறந்து லென்ஸில் பார்த்தால், வளையத்தின் குறுக்கே ஒரு பனியன் நூல். தாள் வைக்கும்போது பழைய பனியன் துணியால் நான் துடைத்ததில் ஒட்டிக்கொண்டது. ஒரு நூல்! எடுத்துவிட்டு, கிரீஸ் தொட்டு மூடி, மறுபடி ஏற்றினோம். ஒரு மணி நேரம். மட்டம் நூலை விட்டு அசையவில்லை. நாலு புள்ளியும் வைத்தபடியே இருந்தன.

9. இந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

நண்பர்களே, இதைக் கட்டாயம் படியுங்கள். 0.9 பாரில் ஒரு மணி நேரம், அசையாத தண்ணீரில், காலி கேஸ் தாங்கியது. இவ்வளவுதான் நான் நிரூபித்தது. 3 பாருக்கு 30 மீட்டர் உயரம் வேண்டும். அது என்னிடம் இல்லை. மேலும் மெஷினைத் திரும்ப வைக்க மூடியைத் திறந்தாக வேண்டும். திறந்து மூடினால் அது புது மூட்டு. பழைய சோதனை அதற்குச் செல்லாது. இன்னொரு நூல் விழாது என்று யார் சொல்வது? ஆகவே கடைசியாக மூடும்போதும் அதே சுத்தம், அதே கிரீஸ், அதே இறுக்கம். மூடிய பிறகு சொட்டுத் தண்ணீர்ச் சோதனையை மட்டும் செய்து உள்ளே ஈரம் இல்லை என்று பார்த்தேன். மெஷினோடு அழுத்தம் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் இல்லாத அந்தக் கருவி உள்ள கடைக்குத்தான் போக வேண்டும்.

மெஷின் போட்டு வாட்ச் ஓடத் தொடங்கியதும் அப்பாவிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டார்.

"இனிமே தண்ணியில முக்கினாலும் ஒண்ணும் ஆகாதா?"

"ஆகலாம்ப்பா. கை கழுவுனா, மழை பெஞ்சா தாங்கும்னு நினைக்கிறேன். குளிக்கும்போதும், கலவை வேலைக்கும் கழட்டி வெச்சிடணும். வருஷத்துக்கு ஒரு தடவை வளையத்தைப் பாக்கணும்."

"ஒன்பது மீட்டர் தாங்குச்சே?"

"அன்னிக்குத் தாங்குச்சுப்பா."

அப்பா சிரித்தார். "கட்டடமும் அப்படித்தான்" என்று சொல்லி வாட்சைத் திருப்பி என் கையில் கட்டிவிட்டார். இதை எழுதும்போதும் அது என் கையில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் முன்னே ஓடுகிறது. அதைச் சரி செய்வது அடுத்த ஆண்டு மலருக்கு யாராவது எழுதட்டும்.

நினைவில் கொள்ள:

• கண்ணாடியில் பனி தெரிந்தால் அன்றே கடைக்குக் கொண்டு போங்கள்.
• ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் வளையத்தைப் பாருங்கள். இறுகியிருந்தால் மாற்றுங்கள்.
• வெயிலில் காய்ந்த வாட்சோடு குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதீர்கள்.
• ஈரத்தில் சாவியைத் தொடாதீர்கள்.
• சோதனை காலி கேஸுக்கு மட்டும். காற்றழுத்தம் வேண்டாம், தண்ணீர் போதும்.

பேட்டரி மாற்ற மூடியைத் திறந்தாலும் இதே விதிகள்தான். ஜூனியர் தம்பி தங்கைகள் யாருக்காவது டியூப் லெவல் வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள். அப்பாவிடம் வாங்கித் தருகிறேன். ஆனால் குமிழி இல்லாமல் தண்ணீர் பிடிக்க முதலில் கற்றுக்கொண்டு வரவேண்டும்!

தவறு இருந்தால் பொறுத்தருள்க.